ஆறு கட்டங்களும் என் தவறான அறிவுரையும்

நவம்பர் பிற்பகுதியில் பிஎஸ்எல்இ முடிவுகள் வெளிவரும் அன்று மாலை, தொடக்கநிலை 6ல் பிள்ளை இருக்கும் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. திரையில் ஆறு கட்டங்கள், ஆறு பள்ளிகளுக்கு. அப்பா ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வார். அம்மா எத்தனை பேருந்து மாற வேண்டும் என்று கேட்பார். தொலைபேசியில் பெரியம்மா தமக்குத் தெரிந்த ஒருவரின் பிள்ளை கதையைத் தொடங்குவார். கடைசியில் எல்லாரும் வீட்டின் மூத்த பிள்ளையின் பக்கம் திரும்புவார்கள். "நீதான் இதெல்லாம் பார்த்து வந்தவன், நீயே சொல்லு."

எங்கள் வீட்டில் அந்த மூத்த பிள்ளை நான். தங்கைக்கு 13 புள்ளி. அவள் ஆசைப்பட்ட பள்ளியில் முந்தைய ஆண்டு கடைசியாக இடம் பெற்ற மாணவரின் புள்ளி 12. அவளுக்குப் பிடித்த மற்றொரு பள்ளியில் அது 13. இங்கே எண் குறைந்தால்தான் தேர்ச்சி நன்று. ஆக முதல் பள்ளி ஓரடி எட்டாத உயரம், இரண்டாவது கைக்கு எட்டியது. நான் சற்றும் யோசிக்காமல் சொன்னேன்: "ஆசைப்பட்டதை முதலில் போடு. கிடைக்காவிட்டால் அடுத்தது இருக்கிறதே. இழப்பதற்கு என்ன இருக்கிறது?"

நான் பிஎஸ்எல்இ எழுதிய ஆண்டில் அது சரியான அறிவுரை. தங்கை எழுதிய ஆண்டில் அது தவறு. எங்கே தவறினேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. உங்கள் தம்பி, தங்கையோ அண்டை வீட்டுப் பிள்ளையோ அதே கேள்வியோடு உங்களிடம் வந்து நிற்கக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

200 படிகளிலிருந்து 29 படிகளுக்கு

2020 வரை நடப்பில் இருந்தது டி-ஸ்கோர் முறை. ஒரு மாணவர் தம் வயதொத்த மற்றவர்களோடு ஒப்பிடுகையில் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதை அது அளந்தது. மொத்தப் புள்ளி 200க்கும் மேற்பட்ட வெவ்வேறு எண்களில் அமையலாம். 231 வாங்கியவருக்கும் 232 வாங்கியவருக்கும் இடையில் ஒரு பள்ளி வாசலே திறக்கவும் மூடவும் செய்தது.

2021ல் அடைவுநிலை முறை வந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை ஒரு நிலை. 90 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் நிலை 1. 85 முதல் 89 வரை நிலை 2. 80 முதல் 84 வரை நிலை 3, 75 முதல் 79 வரை நிலை 4. அதற்குக் கீழே வரம்பு அகலமாகிறது: 65 முதல் 74 வரை நிலை 5, 45 முதல் 64 வரை நிலை 6, 20 முதல் 44 வரை நிலை 7, மற்றவை நிலை 8. நான்கு பாட நிலைகளையும் கூட்டினால் கிடைப்பது பிஎஸ்எல்இ புள்ளி. மிகச் சிறந்தது 4, மறுகோடியில் 32. அதாவது 29 எண்கள்தாம். ஆண்டுதோறும் தேர்வு எழுதும் 35,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்த 29 படிகளில் நிற்கிறார்கள்.

பக்கத்து மேசைக்காரனைவிட ஒரு மதிப்பெண் கூட வாங்கவேண்டும் என்ற நெருக்கடியைத் தணிப்பதே மாற்றத்தின் நோக்கம். அதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் வேடிக்கையான விளைவுகளும் உண்டு. நான்கு பாடங்களிலும் சரியாக 90 வாங்கிய பிள்ளையின் மொத்தம் 360 மதிப்பெண், புள்ளி 4. மூன்று பாடங்களில் 100, ஒன்றில் 89 வாங்கிய பிள்ளையின் மொத்தம் 389, புள்ளி 5. இருவரும் ஒரே பள்ளியைக் கேட்டால் 360க்காரர் முன்னால் நிற்பார். இதைக் கேட்ட என் நண்பன் ஒருவன் கணிப்பானை எடுத்து இருமுறை சரிபார்த்தான். கணக்கு சரிதான். படிக்கட்டு என்று வைத்துவிட்டால் படியின் விளிம்பு எங்காவது இருந்துதானே ஆகவேண்டும்?

ஒரே படியில் நிற்பவர்கள்

படிகள் குறைந்தால் ஒவ்வொரு படியிலும் கூட்டம் கூடும். என் அறிவுரை சறுக்கியது இங்கேதான்.

இடம் ஒதுக்கும் கணினி முதலில் பார்ப்பது புள்ளியை மட்டுமே. 11 புள்ளி பெற்றவர் ஒரு பள்ளியை ஆறாவது கட்டத்தில் எழுதியிருந்தாலும், முந்தைய ஐந்து பள்ளிகளில் இடமில்லாமல் அவர் அங்கே வந்து சேர்ந்தால், அதே பள்ளியை முதல் கட்டத்தில் எழுதிய 12 புள்ளிக்காரருக்கு முன்பாகவே அவருக்கு இடம். "இரண்டாவதாகப் போட்டால் பள்ளிக்கு மரியாதைக் குறைவு, சேர்க்கமாட்டார்கள்" என்று பெரியம்மாக்கள் சொல்வதில் உண்மையில்லை. இந்தக் கட்டத்தில் பள்ளி யாரையும் தேர்ந்தெடுப்பதே இல்லை. முதல்வரோ ஆசிரியரோ உங்கள் பெயரைப் பார்ப்பதில்லை. வரிசை மட்டுமே நகர்கிறது.

கடைசி இடத்துக்கு ஒரே புள்ளியில் பலர் வந்து நின்றால் மூன்று கேள்விகள் வரிசையாகக் கேட்கப்படும். முதலில் குடியுரிமை: சிங்கப்பூர்க் குடிமக்கள், பின்னர் நிரந்தரவாசிகள், அதன்பின் வெளிநாட்டு மாணவர்கள். அதிலும் சமமென்றால், அந்தப் பள்ளியை எத்தனையாவது விருப்பமாக எழுதினார்கள் என்பது. அதிலும் சமமென்றால் கணினிக் குலுக்கல்.

நடுவில் இருக்கும் அந்த இரண்டாவது கேள்வி டி-ஸ்கோர் காலத்தில் இல்லை. அப்போது குடியுரிமைக்கு அடுத்தது நேராகக் குலுக்கல்தான். 2021லிருந்து, நீங்கள் பள்ளிகளை எழுதும் வரிசையே ஒருவகை மதிப்பெண் ஆகிவிட்டது.

இப்போது தங்கையின் கதைக்கு வருவோம். முதல் கட்டத்தில் அவள் எழுதிய பள்ளி அந்த ஆண்டும் 13க்கு இறங்கவில்லை. இரண்டாவது கட்டத்துப் பள்ளி 13ல்தான் நின்றது. அவளுக்கும் 13. அவளும் குடிமகள். ஆனால் 13 புள்ளியோடு அதே பள்ளியை முதல் விருப்பமாக எழுதியவர்கள் மிச்சமிருந்த இடங்களை நிரப்பிவிட்டார்கள். அவள் மூன்றாவது பள்ளிக்குப் போனாள். வரம்புப் புள்ளியை எட்டியிருந்ததால் மேல்முறையீடு செய்து பார்த்தோம். இடம் காலியாகவில்லை.

குடியுரிமைக் கேள்வியையும் நம் வீடுகளில் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நிரந்தரவாசியாக வாழும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஒரே புள்ளியில், ஒரு பள்ளியை ஆறாவதாக எழுதிய குடிமகனும் முதலாவதாக எழுதிய நிரந்தரவாசியும் மோதினால் இடம் குடிமகனுக்கே. ஆகவே நிரந்தரவாசி ஒருவர் முந்தைய ஆண்டு வரம்போடு சரியாக ஒத்துப்போகும் பள்ளியை "எட்டிய பள்ளி" என்று எண்ணிக்கொள்ளக்கூடாது. ஒரு புள்ளி இடைவெளியாவது வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளி நிர்ணயிக்காத எண்

வரம்புப் புள்ளி என்பதைப் பலர் பள்ளி எழுதி மாட்டிய விலைப்பட்டியல்போல நினைக்கிறார்கள். அப்படி ஒரு பட்டியல் கிடையாது. இடமெல்லாம் நிரம்பிய பிறகு, கடைசியாக உள்ளே வந்தவரின் புள்ளி என்னவோ அதுதான் அந்த எண். கல்வி அமைச்சு வெளியிடும் பட்டியல் முந்தைய ஆண்டின் சுவடு. இந்த ஆண்டு பிள்ளைகள் வேறு மாதிரி எழுதினால் அது மாறும். 14ல் நின்ற பள்ளியில் 14 பெற்ற எல்லாருக்கும் இடம் கிடைத்தது என்றும் பொருளில்லை.

2024ல் உயர்நிலை 1க்கு வந்தவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. மூன்று சேர்க்கைக் குழுக்கள் உள்ளன. 4 முதல் 20 வரை மூன்றாம் குழு, 23, 24க்கு இரண்டாம் குழு, 26 முதல் 30 வரை முதல் குழு. 21, 22, 25 புள்ளி பெற்றவர்கள் இரண்டில் ஒரு குழுவைத் தாமே தேர்வு செய்யலாம். முதல் குழுவில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது நிலை 7 வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் பள்ளியின் வரம்பு வேறு என்பதால், பட்டியலில் தவறான வரியைப் பார்த்துவிட்டு நெஞ்சிடிந்து போகவேண்டாம்.

சில பள்ளிகளுக்கு இணைப்புத் தொடக்கப்பள்ளிகள் உண்டு. அங்கே படித்தவர்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். ஆனால் இணைப்புப் பள்ளியை முதல் கட்டத்தில் எழுதினால் மட்டுமே. எல்லா இடங்களையும் அவர்களே எடுத்துக்கொள்ள முடியாது. 2019 முதல், ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 20 விழுக்காட்டு இடங்களை இணைப்பு இல்லாத மாணவர்களுக்கு ஒதுக்கவேண்டும் என்பது விதி.

பள்ளி உண்மையிலேயே தேர்ந்தெடுக்கும்போது

இன்னொரு வாசலும் உண்டு. 2004ல் தொடங்கிய நேரடிப் பள்ளிச் சேர்க்கை, நாம் டிஎஸ்ஏ என்று சொல்வது. இங்கேதான் பள்ளி உங்களை நேரில் பார்க்கிறது. விளையாட்டு, கலை, மொழி, தலைமைத்துவம், அறிவியல் என ஏதாவது ஒரு திறனைச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அதிகபட்சம் மூன்று விண்ணப்பங்கள். ஒரே பள்ளிக்கு இரண்டுக்கு மேல் கூடாது. நேர்காணல், களச் சோதனை, ஒத்திகை எல்லாம் ஆண்டின் நடுவில் முடிந்துவிடும். 2018லிருந்து பள்ளிகள் இதற்கென்று பொது அறிவாற்றல் தேர்வு வைப்பதில்லை. ஒருங்கிணைந்த பாடத்திட்டம் அல்லாத பள்ளி இடங்களில் 20 விழுக்காடு வரை இவ்வழியில் நிரப்பலாம்.

காகிதத்தில் இது நியாயமான ஏற்பாடு. தேர்வில் தடுமாறும் ஒரு நல்ல பந்து வீச்சாளருக்கு இது வாசல். தொடக்கப்பள்ளி மதிப்பெண்களும் இணைப்பாட நடவடிக்கை விவரங்களும் கணினி வழியாகத் தாமே பள்ளிக்குச் சென்றுவிடும்; பளபளக்கும் கோப்பு தயாரிக்கத் தேவையில்லை. ஆனாலும் நேர்காணலுக்குப் பயிற்சி தரும் வகுப்புகள் காசுக்கு நடக்கத்தான் செய்கின்றன. ஆறு வயதிலிருந்து நீச்சல் பயிற்றுநர் வைத்திருக்கும் வீட்டுக்கும், பள்ளி முடிந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓடும் பிள்ளையின் வீட்டுக்கும் திறன் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. புள்ளி முறையின் குறை கண்ணுக்குத் தெரியும். இந்த முறையின் குறை அவ்வளவு எளிதில் தெரியாது.

முடிவெடுக்கும் காலமும் கடினமானது. எந்தப் பள்ளியின் அழைப்பை ஏற்பது என்பதை அக்டோபரில், பிஎஸ்எல்இ முடிவு தெரியும் முன்பே சொல்லவேண்டும். அவ்வழியில் இடம் உறுதியாகிவிட்டால் நவம்பரில் ஆறு கட்டங்கள் உங்களுக்கு இல்லை. எதிர்பாராமல் 8 புள்ளி வந்தாலும் சரி, வேறு பள்ளிக்கு மாற முடியாது. ஆகவே பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கவேண்டியது, "கிடைக்குமா?" என்பதைவிட, "நான்கு ஆண்டுக்கு இந்தப் பயிற்சிக்குத் தினமும் போவாயா?" என்பதுதான்.

கட்டங்களை நிரப்பும்போது

கல்வி அமைச்சு எதிர்பார்த்தபடி, பத்தில் ஒன்பது பேருக்குக் குலுக்கலே தேவைப்படாது. அந்த ஒன்பது பேரில் சிலரைக் குலுக்கலிலிருந்து காப்பாற்றுவதும் விருப்ப வரிசைதான். ஆகவே முதல் கட்டத்தில் எட்டாத பள்ளியை எழுதுவதற்கு இப்போது ஒரு விலை உண்டு. இரண்டாவது பள்ளி உங்கள் புள்ளியிலேயே நிற்கும் பள்ளியாக இருந்தால் அந்த விலை அதிகம். அது உங்கள் புள்ளிக்கு ஓரிரு படி கீழே நிற்பதாக இருந்தால் விலை மிகக் குறைவு. ஆசைப்பட்டதைத் தாராளமாக முதலில் எழுதலாம். ஆறில் இரண்டு மூன்றாவது அப்படிப் பாதுகாப்பானவையாக இருக்கட்டும். ஆறும் தவறினால், வீட்டுக்கு அருகில் இடமிருக்கும் ஒரு பள்ளிக்கு அனுப்பப்படுவார்கள்.

தமிழ் கற்பிக்கப்படுகிறதா என்பதையும் பள்ளியின் இணையப்பக்கத்தில் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது வாரத்தில் சில மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொள்ளும். எங்கள் வீட்டு விவாதத்தில் இதை யாருமே கேட்கவில்லை.

தங்கை இப்போது உயர்நிலை 2ல் இருக்கிறாள். மூன்றாவது கட்டத்துப் பள்ளியில்தான். வலைப்பந்து விளையாடுகிறாள், கணிதத்தை மட்டும் திட்டுகிறாள். அவளிடம் ஒருமுறை என் தவற்றை விளக்கினேன். குடியுரிமை, வரிசை, குலுக்கல் எல்லாவற்றையும் காகிதத்தில் வரைந்து காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த இரண்டாவது பள்ளிய நான் முதல்ல போட்டிருந்தா கிடைச்சிருக்குமா?" என்றாள். கிடைத்திருக்கலாம், முதலில் எழுதியவர்களுக்குள்ளும் குலுக்கல் நடந்திருக்கலாம் என்றேன். சற்று யோசித்தாள். "அடுத்த வருஷம் மாமா பையனுக்கு நான் சொல்றேன், நீ சொல்லாதே" என்று காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.