கொழும்பின் மின்னல் ஆய்வு பசறை மலைக்கு வரும் வழி

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரையிலும், மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் பதுளை மாவட்டத்து வானம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் நடந்துகொள்ளும். காலையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். மதியம் சாய்ந்ததும் நமுனுகுல மலைப்பக்கம் கருமேகம் திரளும். பின்னேரம் இடி இறங்கும். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட இந்த மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் கடும் மின்னல் எச்சரிக்கை விடுப்பது வழக்கம். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். வயல்வெளி, தேயிலைத் தோட்டம், நீர்நிலை போன்ற திறந்த இடங்களைத் தவிருங்கள் என்று அது சொல்லும். அறிவியல்படி அதில் ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் அந்த நேரத்தில் பசறையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தேயிலைத் தோட்டத்தைத் தவிர்ப்பது என்பது அன்றைய வேலையைத் தவிர்ப்பதுதான். மின்னலைப் பற்றிய அறிவுக்கு இலங்கையில் பஞ்சமில்லை. உலகத் தரத்தில் அதை ஆக்கியவர்களே இந்த நாட்டில் இருக்கிறார்கள். அந்த அறிவு மலை ஏறாமல் நிற்பதற்குக் காரணம் பௌதிகவியலில் இல்லை, வேலை ஒழுங்கில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கொழும்புப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையின் மின்னல் ஆய்வுக் குழு பெரிய கட்டடத்தாலோ விலையுயர்ந்த கருவியாலோ பெயர் பெற்றதல்ல. கொழும்பில் படித்துச் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குப் போன வேர்னன் குரே, அங்கே மின்னல் ஆய்வில் உலகறிந்த பேராசிரியரானார். தான் வந்த துறையோடு அவர் தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. வளரும் நாடுகளின் ஆய்வுக் குழுக்களுக்குத் துணைநிற்க 1961 முதல் உப்சாலாவில் இயங்கிவரும் சர்வதேச அறிவியல் திட்டம் அதற்குப் பாலமாயிற்று. ஆய்வு மாணவர் சில மாதம் சுவீடனிலும் சில மாதம் கொழும்பிலும் மாறிமாறி வேலை செய்து கலாநிதிப் பட்டம் பெறுவது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. சந்தன ஜயரத்ன, மகேந்திர பெர்னாண்டோ, சந்திம கோமஸ் என்று இந்தக் கூட்டு வேலையில் வந்த பெயர்கள் மின்னல் ஆய்வுலகில் தெரிந்த பெயர்கள். கோமஸ் பின்னர் மலேசியாவிலும், அதன் பிறகு தென்னாபிரிக்காவின் விற்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார்.

அவர்களுடைய முதன்மைக் கருவி பார்வைக்கு மிக எளியது. தரையிலிருந்து காப்பிட்டுக் கிடையாக நிறுத்திய ஓர் உலோகத் தட்டு. அதிலிருந்து ஒரு பெருக்கிக்குப் போகும் குட்டைக் கம்பி. அதன் பின்னால் மைக்ரோசெக்கன் கணக்கில் பதியும் பதிவுக் கருவி. பல கிலோமீற்றருக்கு அப்பால் மின்னல் வெட்டினாலும் மின்புலம் மாறும், தட்டிலுள்ள மின்னேற்றம் அசையும், அந்த அசைவு அலைவடிவமாகப் பதிவாகும். இப்படிப் பதிந்த 81 மின்னல்களை ஆராய்ந்து குரேயும் ஜயரத்னவும் 1994இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இலங்கையில் தரைக்கு இறங்கும் ஒரு மின்னலில் சராசரியாக 4.5 அடிகள் இருப்பதும், ஒரே அடியோடு முடிபவை 21 வீதமே என்பதும் அதில் தெரியவந்தன. நம் கண்ணுக்கு ஒரே வெட்டாகத் தெரிவது பெரும்பாலும் நூறில் சில பங்கு செக்கன் இடைவெளியில் அடுத்தடுத்து விழும் பல அடிகள். 1998இல் கோமஸ், குரே, ஜயரத்ன மூவரும் சுவீடன் மின்னலையும் இலங்கை மின்னலையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். மின்னல் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் மேகத்துக்குள் எழும் தொடக்கத் துடிப்புகள் சுவீடனில் வலுவாகத் தெரிந்தன. இலங்கையில் அவை மிகவும் மங்கலாக இருந்தன. மேகத்தின் அடிப்பகுதியில் உள்ள நேர் மின்னேற்றம் இரண்டு இடங்களிலும் ஒரே அளவில் இல்லாததை அதற்கு விளக்கமாக முன்வைத்தார்கள். குளிர்நாட்டில் எழுதிய பாடப்புத்தகத்தை அப்படியே வெப்பநாட்டு வானத்துக்குப் பொருத்த முடியாது, நம் மின்னலை நம் மண்ணில் நின்றே அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

"இது அடிப்படை ஆராய்ச்சி; தோட்டத் தொழிலாளியின் பாதுகாப்பைப் பௌதிகவியலாளர் தலையில் சுமத்தலாமா?" என்று கேட்கலாம். குரேயின் பெயர் தாங்கிய ஒரு சமன்பாடே இதற்குப் பதில். மின்னல் விழும்போது தரையை ஒட்டிக் கிடையாக எழும் மின்புலத்தைக் கணிக்க அவர் 1992இல் தந்த வழி, பின்னர் ரூபின்ஸ்டீனின் பங்களிப்போடு சேர்ந்து குரே–ரூபின்ஸ்டீன் வாய்பாடு என்று வழங்குகிறது. மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் அந்தக் கிடைப்புலம் சிறியதாக இருக்கும். கடத்தாத மண்ணானால் பெரிதாகும். மின்கம்பியில் மின்னல் நேரடியாக விழாமல் அருகில் விழுந்தால்கூட எவ்வளவு மின்னழுத்தம் ஏறும் என்று கணிக்கப் பொறியியலாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். பசறை உள்ள ஊவா மலைச்சரிவின் கல்லும் பாறையும் கலந்த மண்ணை நினைத்தால், மலை முகட்டு வழியே தொழிலாளர் குடியிருக்கும் லயன்களுக்கு இழுத்த மின்கம்பிகளை நினைத்தால், இந்தக் கணக்கு எங்கோ நடப்பதல்ல என்பது விளங்கும். மண் சரியாகக் கடத்தாத இடத்தில் அடியெடுத்து நிற்பவரின் இரு பாதங்களுக்கு இடையிலும் மின்னழுத்த வேறுபாடு கூடும். தாளில் எழுதிய கணிதமும் மலையில் நிற்கும் காலும் ஒரே இயற்கை விதிக்குள்தான் இருக்கின்றன. அந்த விதியைக் கண்டவர்களே மழைக்கூரைக்கும் வேலை நேரத்துக்கும் காவலிருக்க வேண்டும் என்பதில்லை. கண்டதை எடுத்துச் செல்ல வேறு கைகள் வேண்டும்.

படித்தவர்கள் வெளிநாடு போனது இழப்பில்லையா என்பது இரண்டாவது கேள்வி. இழப்புத்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் இந்தக் குழுவின் வரலாறு அந்தக் கணக்கை முழுமையாக்குகிறது. 1998ஆம் ஆண்டு ஒப்பீட்டை உப்சாலாவில் மட்டும் இருந்தோ கொழும்பில் மட்டும் இருந்தோ யாரும் செய்திருக்க முடியாது. போனவர்களும் இருந்தவர்களும் சேர்ந்ததால் பிறந்த அறிவு அது. கோமஸும் இந்தப் பக்கத்தை மறக்கவில்லை. இலங்கையிலும் பங்களாதேஷிலும் மின்னல் விபத்துகளைப் பற்றியும் மக்களின் விழிப்புணர்வைப் பற்றியும் 2006இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஆய்வு வெளியிட்டார். குழுவிலிருந்து போனவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணினால் போதாது. போனவரின் கேள்வி திரும்பி வந்ததா, வந்த இடத்தில் அதை ஏந்த ஆள் இருந்தாரா என்பதையும் எண்ண வேண்டும். 2005இல் உருவான ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே இருக்கிறது. தட்டும் பெருக்கியும் பதிவுக் கருவியும் கொண்ட ஓர் அளவைநிலையம் அந்தச் சரிவில் நிலைபெற்றால், கடலோரக் கொழும்பில் தொடங்கிய கேள்வி மலையில் தொடரும்.

மூன்றாவது மறுப்பு தோட்டங்களுக்கு உள்ளிருந்தே வரலாம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மண்சரிவு விழுங்கியது. குளவிக் கொட்டு ஓயாத தொல்லை. இத்தனைக்கும் நடுவில் எப்போதோ விழும் மின்னலுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? ஓர் ஆபத்தைப் பற்றிப் பேசுவது மற்றதைச் சிறிதாக்குவதாகாது. மின்னலுக்குத் தனியான ஒரு தன்மையும் உண்டு. அது வரும் மாதம் தெரியும், வரும் நேரம் ஏறக்குறையத் தெரியும், இடி முன்கூட்டியே குரல் கொடுக்கும். ஒலி மூன்று செக்கனில் ஒரு கிலோமீற்றர் போகிறது. வெட்டுக்கும் இடிக்கும் இடையே முப்பது செக்கன் இருந்தால் மின்னல் பத்துக் கிலோமீற்றரில் இருக்கிறது; அடுத்தது தலைக்கு மேலேயே விழலாம். மலை மேகத்தை மறைக்கும் இடத்தில் காதுதான் முதல் கருவி. கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்திய தேயிலைச் செடிகளுக்கு மேலே தலை தெரிய நிற்பவர், நிழல்மரங்களை விட்டால் அந்தச் சரிவில் உயரமானவர். மழைக்கு நிழல்மரத்தடியில் ஒதுங்கினாலோ, மரத்தில் இறங்கும் மின்னல் பக்கவாட்டில் அவர் மேல் பாயக்கூடும். இவ்வளவு தெளிவாக முன்னறியக்கூடிய ஆபத்தில் உயிர் போவதை விதி என்று விட்டுவிட நமக்கு உரிமையில்லை.

செய்ய வேண்டியதைப் பௌதிகவியல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவம் இப்போது மழைக்கு மறைவு மட்டுமே. கூரையில் கடத்தியும், மூலைகளில் இறங்குகம்பிகளும், மடுவத்தைச் சுற்றி மண்ணில் புதைத்த கம்பி வளையமும் இருந்தால் உள்ளே நிற்பவரின் காலடி முழுவதும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும், மறைவு காப்பாகும். முறையாகப் புவித்தொடுப்பு உள்ள தொழிற்சாலைக் கட்டடம் அதைவிட நல்ல புகலிடம். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நம்மையும் தாக்கும் என்பது வெறும் பயம். உடலில் மின்சாரம் தங்காது. உடனே மார்பை அழுத்திச் செயற்கைச் சுவாசம் கொடுத்தால் நின்ற இதயம் திரும்பக்கூடும். ஆனால் காப்பான இடம் கிட்டத்தில் இருந்தாலும் கொழுந்தின் எடை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும் என்ற பயம் இருக்கும்வரை, கூடையை இறக்கிவைக்க யாருக்கும் மனம் வராது. அந்தத் தயக்கத்தை எந்தச் சமன்பாடும் தீர்க்காது; தோட்டத்தின் வரவுப் பதிவான செக்றோலில் எழுதும் ஓர் ஒழுங்கு தீர்க்கும். முதல் இடி கேட்டதும் மலையிலிருந்து இறங்கலாம், கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் காத்திருக்கலாம், அந்த நேரமும் வேலை நேரமே என்று கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தத்தில் எழுதட்டும். கொழும்பிலிருந்து உப்சாலா வரை போய்த் திரும்பிய அறிவு பசறை மலைக்கு வந்து சேர்ந்ததா என்பதை, இடிக்குப் பயந்து இறங்கியவருக்கு அன்று முழுப் பேர் விழுந்ததா என்பதை வைத்தே சொல்ல முடியும்.