சன்னல் கண்ணாடியில் தெரிந்த வேன்

செல்போன் வாங்கும்போது நம்மில் பலர் முதலில் பார்ப்பது கேமராவைத்தான். விளம்பரத்தில் காட்டும் படத்தை அந்தச் செல்போனே எடுத்தது என்று நம்பி, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொடுக்கிறோம்.

2012 செப்டம்பரில் நோக்கியா நிறுவனம் லூமியா 920 செல்போனை அறிமுகம் செய்தது. கை நடுங்கினாலும், ஸ்பிரிங்குகள் தாங்கும் அதன் லென்ஸ் நகர்ந்து கொடுத்து அசைவை ஈடுகட்டும், படம் ஆடாது. இதை விளக்கும் வீடியோவில் ஓர் இளம்பெண் சைக்கிளில் போகிறார். உடன் போகும் இளைஞர் செல்போனில் அவரைப் படம் பிடிக்கிறார். நாமும் அப்படித்தான் நம்பியிருப்போம். ஆனால் வழியிலிருந்த சன்னல் கண்ணாடியில் ஒரு வேனும், அதில் பெரிய கேமராவுடன் ஒருவரும் தெரிந்தனர்! கூர்ந்து பார்த்தவர்கள் இதை வெளிப்படுத்தியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. லூமியாவில் எடுத்ததல்ல என்பதை வீடியோவிலேயே குறிப்பிட்டிருக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டது.

2016-இல் ஹுவாவே நிறுவனம் பி9 செல்போனுக்காக வெளியிட்ட படம் ஒன்றும் இப்படியே அகப்பட்டது. அது கேனான் கேமராவில் எடுத்தது என்பதை, படத்தோடு பதிவாகியிருந்த குறிப்பே காட்டிக்கொடுத்தது.

லூமியாவை நினைத்தால்தான் நமக்கு அதிக வருத்தம். அதிலிருந்த வசதி பொய்யல்ல. பின்னர் அந்தச் செல்போனிலேயே எடுத்துக் காட்டினார்கள்; படம் ஆடாமல்தான் வந்தது.