குளிரிலும் சுடும் வெயில்: நிறம் மாறிச் சொல்லும் கைப்பட்டை

கிளாவரையில் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பூண்டு வயலில் வேலை பார்ப்பவரா நீங்கள்? குளிரை நம்பாதீங்க! 1,000 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடும். மெல்லிய மேகம் தடுக்காது. கண்புரைக்கும் இது ஒரு காரணம்.

இக்கதிரைக் காட்டவே நிறம் மாறும் கைப்பட்டைகள், ஸ்டிக்கர்கள் வந்துள்ளன. சில, நிழலுக்கு வந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்துக் கடுமையை மட்டுமே சொல்லும். நாள் முழுக்கப் பட்டதைச் சேர்த்துக் காட்டுபவை நிறம் திரும்பாது. வயல் வேலைக்கு இதுதான் உதவும், கேட்டு வாங்குங்க.

பட்டை இல்லையா? செல்போன் வானிலைச் செயலியில் ‘யுவி இன்டெக்ஸ்’ பாருங்க. 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, முழுக்கைச் சட்டை அவசியம். சிக்னல் கிடைக்காத இடத்தில் உங்கள் நிழலே போதும்: உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை.