கர்ப்ப காலச் சட்டங்கள்: கையெழுத்து யாருடையது, கெடு எத்தனை வாரம்?



கர்ப்பம் என்றதும் வீட்டில் நாம் மாதக் கணக்கில் பேசுகிறோம். ஆஸ்பத்திரியும் சட்டமும் வாரக் கணக்கில் பேசுகின்றன. 12, 20, 24 என்று சில வாரங்களுக்குக் கெடு இருக்கிறது. அந்த நாள் கடந்துவிட்டால் முதல் வாரத்தில் எளிதாக நடந்திருக்கும் காரியம் பெரும் சிக்கலாகிவிடும். "மாப்பிள்ளை சவூதியில் இருக்கிறார், அவர் போன் பண்ணட்டும்", "மாமியாரைக் கேட்டுக்கொண்டு போகலாம்" என்று காத்திருப்பதில்தான் பல நாட்கள் கரைகின்றன. சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் 12 வாரம்: பதிவு

கர்ப்பம் உறுதியானதும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பதிவு செய்து ஆர்.சி.ஹெச். எண் பெற வேண்டும். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இது தேவை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு இந்த எண்ணைக் கேட்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாலும் அதே எண்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள தாய்மாருக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தவணைகளில் கிடைக்கும். 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும் என்பது இதன் நிபந்தனை. 1927-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்குள் நுழைந்த முதல் பெண் உறுப்பினரின் பெயரைத் தாங்கிய திட்டம் இது. அரசு மருத்துவமனையில் சிசேரியன் உட்பட பிரசவச் செலவு முழுவதும் இலவசம்.

கருக்கலைப்புச் சட்டம்

1971-ல் வந்த இந்தச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. விருப்பப்பட்டால் கலைத்துக்கொள்ளலாம் என்று இது சொல்லவில்லை. தாயின் உயிருக்கு ஆபத்து, உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் பாதிப்பு, குழந்தைக்குக் கடுமையான குறைபாடு ஏற்படும் அபாயம் போன்ற காரணங்களை மருத்துவர் ஏற்க வேண்டும். பாலியல் வன்கொடுமையால் உண்டான கர்ப்பத்தையும், கருத்தடை முறை தவறியதால் உண்டான கர்ப்பத்தையும் மனநல பாதிப்பாகச் சட்டம் கருதுகிறது.

20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் வேண்டும். அதுவும் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டுமே. 24 வாரத்துக்குப் பின், கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு முடிவு செய்தால்தான் அனுமதி. விண்ணப்பித்த 3 நாட்களுக்குள் குழு கருத்துச் சொல்ல வேண்டும். தாயின் உயிரைக் காப்பாற்ற உடனடியாகச் செய்ய வேண்டியிருந்தால் வாரக் கணக்கே கிடையாது.

குறைபாடுகளைக் கண்டறியும் ஸ்கேன் பொதுவாக 18 முதல் 20 வாரத்தில் எடுக்கப்படுகிறது. அதில் ஏதேனும் தெரிந்தால் 24 வாரத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரு மாதம்தான். இரண்டாவது மருத்துவரைப் பார்ப்பது, ஆலிம்களிடம் கேட்பது, குடும்பத்தில் பேசுவது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும்.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடாது. அதை ஆலிம்களிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். அவர்களில் 120 நாள் கணக்கை முன்வைப்போரும் உண்டு, 40 நாள் கணக்கை முன்வைப்போரும் உண்டு. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து வாரங்களை எண்ணுகிறார். கரு தரித்த நாளிலிருந்து எண்ணினால் ஏறத்தாழ இரண்டு வாரம் குறையும். ஆலிமிடம் கேட்கும்போது ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, எந்தக் கணக்கு என்பதையும் சொல்லிக் கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே விழுங்குவது உயிரோடு விளையாடுவதாகும். கர்ப்பம் கருப்பைக்கு வெளியே இருந்தால் மாத்திரை பயன்படாது. உள்ளே இரத்தம் கசிவது வெளியே தெரியாமல் போகலாம். தகுதியற்றவர் கருக்கலைப்பு செய்தால் அவருக்கு 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு.

கையெழுத்து யாருடையது?

18 வயது நிறைந்த பெண்ணானால் அவளுடைய சம்மதம் மட்டுமே சட்டத்துக்குத் தேவை. கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. 18 வயதுக்குக் கீழ் என்றாலோ மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றாலோ பாதுகாவலர் எழுதித் தர வேண்டும். அவளுடைய பெயரையும் விவரங்களையும் வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு.

பிற சிகிச்சைகளுக்கும் இதே அடிப்படைதான். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையை அவருடைய தாயாரின் சம்மதத்தை மட்டும் வைத்து அகற்றிய வழக்கில், வயது வந்த பெண்ணுக்காகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்பக் கட்டுப்பாடு அறுவைக்கும் அவள் புரிந்துகொண்டு தரும் சம்மதம் வேண்டும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறியாமல் கையெழுத்திட வேண்டாம்.

கணவரோடு கலந்து பேசுவது நல்ல குடும்பத்தின் பண்பு. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரத்தப்போக்கோடு வந்திருக்கும் பெண்ணை வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்திருக்க வைக்கும்படி சட்டமும் சொல்லவில்லை, மார்க்கமும் சொல்லவில்லை.

இத்தாவில் இருக்கும் கர்ப்பிணி

கர்ப்பிணியின் இத்தா பிரசவத்தோடு முடிகிறது. அதுவரை பரிசோதனை, ஸ்கேன், தடுப்பூசி எதையும் நிறுத்தக் கூடாது. மருத்துவத் தேவைக்காக வெளியே செல்ல இத்தா தடையாகாது. கர்ப்ப காலத்தில் விதவையானவர், மணவிலக்கானவர் ஆகியோரை 24 வாரம் வரை அனுமதிக்கும் பிரிவில் சட்டம் சேர்த்திருக்கிறது. மணவிலக்கான முஸ்லிம் பெண் குழந்தையைத் தானே பராமரித்தால், பிறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன்னாள் கணவர் நியாயமான ஜீவனாம்சம் தர வேண்டும் என்கிறது 1986-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆணா, பெண்ணா?

பெண் மகவை உயிரோடு புதைத்த அறியாமைக் கால வழக்கத்தை ஒழித்த மார்க்கம் நம்முடையது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994-ல் வந்தது. சைகையால் சொன்னாலும் குற்றம்தான். பாலினம் அறியக் கேட்டுச் செல்வோருக்கு முதல் முறையே 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மறுத்து நிரூபிக்கப்படாத வரை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் கருதும். "சும்மா கேட்டுப் பார்" என்று மருமகளை அனுப்பும் மாமியார் இதை நினைவில் வைக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழ் கர்ப்பம்

போக்ஸோ சட்டம் 2012-ல் வந்தது. 18 வயதுக்குக் கீழுள்ள சிறுமி கர்ப்பமாக வந்தால் மருத்துவமனை காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். நிக்காஹ் நடந்திருக்கிறது என்று சொல்வதால் இது மாறாது. மாப்பிள்ளை மீது வழக்குப் பாயும். இதற்குப் பயந்து அந்தப் பிள்ளையை வீட்டில் மறைத்து வைத்து, வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது அதைவிடப் பெரிய ஆபத்து. இளம் உடலுக்கு வலிப்பும் இரத்தப்போக்கும் எளிதில் வந்துவிடும். வழக்கை வக்கீல் மூலம் சந்திக்கலாம், போன உயிர் திரும்பாது. இந்த நிலைமையே வராமல் தடுக்கும் வழி, 18 வயது நிறைந்ததற்கான சான்றைப் பார்க்காமல் நிக்காஹ் பதிவேட்டைத் திறப்பதில்லை என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் உறுதியாக இருப்பதுதான்.

பிறந்த பின் 21 நாள்

பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதியலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம். ஏழாம் நாள் அகீகாவில் பெயர் வைத்துவிடுகிறோம். அந்தப் பெயரை அப்போதே பதிந்துவிட்டால் பின்னால் அலைய வேண்டியதில்லை. பெற்றோரின் ஆதார், பாஸ்போர்ட்டில் ஆங்கில எழுத்துகள் எப்படி இருக்கின்றனவோ அப்படியே சான்றிதழிலும் இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் விசா நேரத்தில் தொல்லைதான்.

குறித்துக்கொள்ள வேண்டிய எண்கள்: அவசர ஆம்புலன்ஸ் 108, தாய் சேய் நல வாகனம் 102, மருத்துவ ஆலோசனை 104, பெண்கள் உதவி 181, குழந்தைகள் உதவி 1098.

இந்தப் பக்கத்தை வீட்டில் மருமகளும் மகளும் மட்டுமல்லாமல் ஆண்களும் படிக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். "நான் போன் பண்ணும் வரை காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவர்கள் இன்றே சொல்லி வைத்தால், நாளை அது ஓர் உயிரைக் காக்கும், இன்ஷா அல்லாஹ்.