ஓசூர்: எல்லையில் எழுந்த தொழில் நகரம்

1970களின் தொடக்கம் வரை ஓசூர், அன்றைய தருமபுரி மாவட்டத்தின் கர்நாடக எல்லையோரம் இருந்த சிற்றூர். சுற்றிலும் ராகியும் கொள்ளும் விளையும் மானாவாரிக் காடுகள். சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால். பெங்களூரோ 40 கிலோமீட்டர்தான். அந்த ஊரை லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் இடமாக மாற்றியதில் தமிழக அரசின் பங்கு பெரிது.

முதல் வேலையைச் செய்தது 1971இல் தொடங்கப்பட்ட, தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட். தொழில் தொடங்க வருபவருக்கு நிலம் வாங்குவதே பெரும்பாடு: பல பேரிடம் பேச வேண்டும், பட்டாவைச் சரிபார்க்க வேண்டும், பிறகு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அலைய வேண்டும். சிப்காட் இந்த அலைச்சலைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. ஓசூரில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்து, சாலை போட்டு, மனைகளாகப் பிரித்து நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. பின்தங்கிய பகுதி என்பதால் மானியமும் வரிச்சலுகையும் கிடைத்தன. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. டிவிஎஸ் 50 மொபெட் ஓடத் தொடங்கியதும் அதே காலத்தில், அதே ஊரிலிருந்துதான்.

ஆனால் அரசு நிலம் கொடுத்ததோடு நிற்காமல் பங்காளியாகவும் இறங்கியதற்குச் சிறந்த சான்று கைக்கடிகார நிறுவனமான டைட்டன். 1965இல் உருவான டிட்கோ, தனியாருடன் சேர்ந்து முதலீடு போடும் அரசு நிறுவனம். டாடா குழுமமும் டிட்கோவும் கூட்டாக 1984இல் டைட்டனைத் தொடங்கின. பெங்களூரில் பொதுத்துறை நிறுவனமான எச்எம்டி, சாவி கொடுக்கும் கடிகாரங்களில் கொடிகட்டிப் பறந்த காலம் அது. டைட்டன் குவார்ட்ஸ் நுட்பத்தைத் தேர்ந்தெடுத்தது. தமிழகக் கிராமப்புறப் பள்ளிகளில் படித்த இளைஞர்களை எடுத்து, நுண்ணிய பாகங்களைக் கோக்கும் வேலையை ஓசூர் ஆலையில் பழக்கியது. டிட்கோவிடம் இன்றும் சுமார் 27.88 விழுக்காடு பங்கு இருக்கிறது; அதன் சந்தை மதிப்பு பல பத்தாயிரம் கோடி ரூபாய். மானியம் கொடுத்தால் போனது போனதுதான்; பங்கு வைத்திருந்தால் ஆண்டுதோறும் ஈவுத்தொகை வருகிறது. மாநில அரசுகள் போட்ட தொழில் முதலீடுகளில் இப்படிப் பலித்தவை மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எல்லாப் பெருமையையும் அரசுக்கே கொடுத்துவிடவும் முடியாது. மானாமதுரையிலும் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது; ஓசூர் கண்ட வளர்ச்சியை அது காணவில்லை. பக்கத்தில் பெங்களூர் இருந்ததுதான் வித்தியாசம். பொறியாளர்கள் அங்கே குடியிருந்துகொண்டு இங்கே வேலைக்கு வர முடிந்தது. உதிரிபாகம் செய்பவர்களும் வாங்குபவர்களும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்கள். அதே அருகாமை மென்பொருள் துறையில் எதிராக வேலை செய்தது. ஓசூர் அருகே விஸ்வநாதபுரத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு நிறுவனங்கள் முண்டியடித்து வரவில்லை. மலிவான நிலத்தைத் தேடி ஆலை எல்லை தாண்டும். மென்பொருள் நிறுவனத்துக்கு ஆட்கள் இருக்கும் நகரமே முக்கியம், அந்த நகரம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது.

பெரிய ஆலைகளைச் சுற்றி ஜாப் ஒர்க் எடுக்கும் லேத் பட்டறைகளும் அச்சு வார்ப்பவர்களும் பெருகினார்கள். ஒரு பெரிய நிறுவனத்தின் ஆர்டர் குறைந்தால் இவர்கள் கதை கந்தல். அரசின் கவனம் பெரிய முதலீட்டு ஒப்பந்தங்களில் குவியும்போது இவர்களுக்குக் கிடைப்பது மிச்சம்மீதிதான். கடந்த சில ஆண்டுகளில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை ஓசூர் அருகிலும், ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை போச்சம்பள்ளி அருகிலும் வந்ததால், பட்டறைக்காரர்கள் இன்ஜின் பாகங்களிலிருந்து வேறு பாகங்களுக்கு மாற வேண்டிய நெருக்கடியும் சேர்ந்திருக்கிறது. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளை நவீன இயந்திரங்களுடன் மேம்படுத்தும் திட்டம் ஆட்களைத் தயார் செய்யும். புது இயந்திரம் வாங்கப் பட்டறைக்காரர்களுக்கு 1949 முதல் கடன் கொடுத்துவரும் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்துக்கு ஆர்டர் தர வேண்டியவை பெரிய ஆலைகள். நிலமும் சலுகையும் கொடுக்கும்போதே, உள்ளூர்ப் பட்டறைகளிடம் பாகம் வாங்க வேண்டும் என்று அரசு அவற்றிடம் கறாராகக் கேட்டால்தான் கடனைத் திருப்பிக் கட்ட வழி பிறக்கும்.