ஒரு மின்னல், 30 நிமிடக் காத்திருப்பு: மழை வந்தால் டிரம் கோர் ஷோவுக்கு என்ன ஆகும்?

2011 ஆகஸ்ட் 13, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரே நேரத்தில் இரண்டு பெரிய நிகழ்ச்சிகள். ஊருக்கு நடுவே லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில் டிரம் கோர் உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டி. அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, இண்டியானா மாநிலக் கண்காட்சித் திடலில் ‘சுகர்லேண்ட்’ இசைக்குழுவின் திறந்தவெளிக் கச்சேரி. நகரை நோக்கி ஒரு இடிமழை வந்துகொண்டிருந்தது.

ஸ்டேடியத்துக்குக் கூரை இருந்தது. போட்டி நடந்து முடிந்தது, ‘தி கேடட்ஸ்’ குழு கோப்பையைத் தட்டியது. கண்காட்சித் திடலிலோ, மழைக்கு முன்னால் வந்த காற்றில் மேடையின் கூரையே சரிந்து கூட்டத்தின் மேல் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். 50-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

டிரம் கோர் சீசனின் பெரும்பாலான ஷோக்களுக்கு அந்தக் கூரை கிடையாது என்பதுதான் இங்கே விஷயம். பள்ளிக்கூட மைதானம், அலுமினிய கேலரி, மேலே வானம், அவ்வளவுதான். அதனால்தான் ஒவ்வொரு கோடையிலும் “வானிலை காரணமாக ஷோ தாமதம்” என்ற அறிவிப்பு இந்த ரசிகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஒரு மின்னலுக்கா இவ்வளவு கலாட்டா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

முதலில், டிரம் கோர்னா என்ன?

நம்ம ஊர் பள்ளி பேண்டு வாத்தியம் மாதிரி என்று ஆரம்பிக்கலாம். ஆனால் அங்கேயே நிற்க முடியாது. ஒரு குழுவில் 165 பேர் வரை இருப்பார்கள். பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள், கொடியும் மரத்துப்பாக்கியும் வாளும் சுழற்றும் ‘கலர் கார்டு’ என மூன்று பிரிவு. கிளாரினெட், புல்லாங்குழல் எல்லாம் கிடையாது. அமெரிக்கன் ஃபுட்பால் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டே, பின்னோக்கி நடந்துகொண்டே, ஒரு அடி பிசகாமல் வாசிக்க வேண்டும். ஒரு ஷோவின் நீளம் சுமார் 12 நிமிடம்.

இதற்கான அமைப்பு ‘டிரம் கோர் இன்டர்நேஷனல்’, சுருக்கமாக டிசிஐ. முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒயிட்வாட்டர் நகரில் நடந்தது. வயது வரம்பு ரொம்ப கறார்: 22 வயது நெருங்கிவிட்டால் கதவு மூடப்படும். இதை ‘ஏஜ் அவுட்’ என்கிறார்கள். சேர்பவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பல ஆயிரம் டாலர் கட்டணம் அவர்கள்தான் கட்டுகிறார்கள். ஜூன் கடைசியில் இருந்து ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வரை பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், பள்ளி ஜிம் தரையில் படுத்து எழுந்து, பகல் முழுக்க வெயிலில் பயிற்சி செய்து, ராத்திரி அந்த 12 நிமிடத்தை ஆடிவிட்டு மறுபடியும் பஸ் ஏறுவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கடைசி வருடத்தில் இருக்கும் 21 வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு மிச்சம் இருப்பது விரல் விட்டு எண்ணக்கூடிய ஷோக்கள். அதில் ஒன்றை மேகம் தின்றுவிட்டால், அந்த ஷோ திரும்ப வராது. கிரிக்கெட்டில் 2023 ஐபிஎல் இறுதிப்போட்டி ஞாபகம் இருக்கும். மே 28-ல் மழை, ரிசர்வ் டேவான 29-க்குத் தள்ளிப்போச்சு. அன்றும் மழை. டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறையில் 15 ஓவரில் 171 என்று இலக்கை மாற்றி, நள்ளிரவு தாண்டி சென்னை ஜெயித்தது. டிரம் கோரில் 12 நிமிட ஷோவை 8 நிமிடமாகச் சுருக்கி மார்க் போட எந்தச் சூத்திரமும் இல்லை. அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம் என்றால், அடுத்த நாள் இரவு வேறு ஊரில் வேறு ஷோ.

மழை என்ன செய்யும்?

பித்தளைக் கருவிகள் ஓரளவு நனையலாம். டிரம்மின் மேல்பகுதியும் இப்போது தோல் இல்லை, செயற்கை இழை. அதனால் அதுவும் தாங்கும். பிரச்சினை மைதானத்தின் முன்வரிசையில் நகராமல் நிற்கும் பகுதியில்தான். அதை ‘பிட்’ என்பார்கள். மரிம்பா, சைலோஃபோன், வைப்ரஃபோன் எல்லாம் அங்கேதான். மரப் பட்டைகளில் தண்ணீர் இறங்கினால் சுருதி போச்சு. பக்கத்திலேயே மைக், மிக்ஸர், ஸ்பீக்கர், சிந்தசைஸர், ஜெனரேட்டர். ஒலிபெருக்கத்தை டிசிஐ அனுமதித்தது 2004-ல், சிந்தசைஸரை 2009-ல். அதற்கு முன்பு ஒரு தூறலில் வாசித்து முடித்திருக்கலாம். இப்போது மின்சார ஒயர் மைதானம் நெடுக ஓடுகிறது. கலை வளர்ந்த அளவுக்கு மழைக்குப் பயமும் வளர்ந்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

கால் விஷயம் அதைவிட முக்கியம். ஈரமான செயற்கைப் புல்லில், முதுகில் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பின்னோக்கி ஓடுபவர் வழுக்கினால், அவர் மேல் இன்னொருவர், அவர் கையில் கனமான ட்யூபா. கலர் கார்டு பெண்ணோ பையனோ தலைக்கு மேல் சுழற்றி எறிந்த மரத்துப்பாக்கி நனைந்த கையில் வந்து விழ வேண்டும். காற்று அடித்தால் பட்டுக்கொடி எங்கே போகும் என்று கொடிக்கே தெரியாது. சமீப ஆண்டுகளில் குழுக்கள் மைதானத்துக்குக் கொண்டுவரும் உயரமான மேடை அமைப்புகள், திரைச்சீலைகள் எல்லாம் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி.

கீழே விழும் ஒரு துப்பாக்கிக்கு எவ்வளவு மதிப்பு? 100 மதிப்பெண்ணில் ஒட்டுமொத்தத் தாக்கத்துக்கு 40, காட்சிக்கு 30, இசைக்கு 30. 2008-ல் ‘ஃபேன்டம் ரெஜிமென்ட்’ குழு ‘ப்ளூ டெவில்ஸ்’ குழுவைத் தோற்கடித்து சாம்பியன் ஆனது. வித்தியாசம் வெறும் 0.025. அந்த இறுதிப்போட்டி புளூமிங்டன் நகரின் திறந்தவெளி மைதானத்தில் நடந்தது. அடுத்த ஆண்டில் இருந்து இறுதிப்போட்டி கூரை உள்ள லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்கு மாறியது.

அந்த 30 நிமிடக் கணக்கு

ஆனால் ஷோவை நிறுத்துவது பெரும்பாலும் மழை இல்லை, மின்னல். தூறலில் வாசிக்கலாமா வேண்டாமா என்று பேசி முடிவெடுக்கலாம். மின்னலில் பேச்சே இல்லை.

ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி ஆகும். மின்னல் பளிச்சிட்டு 30 விநாடி கழித்து இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ‘பத்து கிலோமீட்டர்தானே, இங்கே மழையே இல்லையே’ என்று நினைப்பதுதான் ஆபத்து. மழை பெய்யும் இடத்தில் இருந்து 15 கிலோமீட்டர் தாண்டியும் மின்னல் இறங்கும். அதாவது, இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். அமெரிக்க தேசிய வானிலை சேவை சொல்வது எளிமையானது: இடி கேட்டால் உள்ளே போ, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வராதே.

இந்த 30 நிமிடத்தில்தான் பார்வையாளர்களுக்கு எரிச்சல் வரும். ஏனென்றால் கடிகாரம் ஒவ்வொரு இடிக்கும் மறுபடி பூஜ்யத்தில் இருந்து தொடங்கும். 28-வது நிமிடத்தில் தூரத்தில் ஒரு உறுமல் கேட்டால், இன்னொரு 30. இப்படி இரண்டு முறை ஆனால் ஒரு மணி நேரம் காலி.

அந்தப் பகுதியில் மின்னல் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு ஒரு உதாரணம். 2017 அக்டோபரில் கிழக்கு டெக்ஸஸில் இருந்து கன்சாஸ் சிட்டி அருகே வரை ஒரே மின்னல் 829 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாய்ந்தது. உலகின் மிக நீளமான மின்னல் என்று உலக வானிலை அமைப்பு 2025-ல் அதை அறிவித்தது. சென்னையில் இருந்து கன்னியாகுமரியைத் தாண்டும் நீளம். டிரம் கோர் பஸ்கள் கோடையில் ஓடும் அதே நிலப்பரப்புதான் அது. மெக்ஸிகோ வளைகுடாவின் ஈரக்காற்று வடக்கே ஏறி வர, கோடை வெயில் பகல் முழுக்க தரையைச் சூடாக்க, மாலையில் மேகம் குமுறும். ஷோ தொடங்குவதும் மாலை 7 மணி வாக்கில்தான். பெரும்பாலும் தரவரிசையில் கீழே உள்ள குழுக்கள் முதலில், முன்னணிக் குழுக்கள் கடைசியில் என்று ஆடுவதால், டிக்கெட் வாங்கியவர்கள் எந்தக் குழுவைப் பார்க்க வந்தார்களோ அதுதான் அடிக்கடி மழையில் மாட்டும்.

பித்தளை மின்னலை இழுக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை இல்லை. மின்னல் எங்கே இறங்கும் என்பதை உயரம், கூர்மை, தனியாக நிற்பது ஆகியவையே தீர்மானிக்கின்றன. திறந்த மைதானமும் விளக்குக் கம்பமும் அதற்கு ஏற்ற இடங்கள். ஆனால் இறங்கிய பிறகு உலோகம் அதைக் கடத்தும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே அலுமினிய கேலரியில் உட்கார்ந்திருப்பது அதனால்தான் கவலை. கேலரிக்கு அடியில் ஒதுங்குவதும், கூடாரத்துக்குள் போவதும் பாதுகாப்பு இல்லை. ஒயரிங், பிளம்பிங் உள்ள கான்கிரீட் கட்டடம் அல்லது உலோகக் கூரையும் மூடிய கண்ணாடியும் உள்ள வண்டிதான் சரி. குழுக்களுக்கு அந்த வண்டி கைவசமே இருக்கிறது, அவர்கள் வந்த டூர் பஸ். டயர் ரப்பர் காப்பாற்றுவதாகப் பலர் நினைக்கிறோம். காப்பாற்றுவது பஸ்ஸின் உலோக உடம்பு. மின்சாரத்தை வெளிப்பக்கமாகவே தரைக்குக் கடத்திவிடும்.

யார் ‘ஸ்டாப்’ சொல்வது?

இந்த விஷயத்தில் அறிவியலை விடக் கடினமான பகுதி இதுதான். ஒரு டிரம் கோர் ஷோவில் பல கைகள் உண்டு. உள்ளூரில் நடத்தும் பள்ளியோ பேண்டு சங்கமோ, டூர் நிர்வாகிகள், மைதானத்தின் உரிமையாளர், குழுக்களின் இயக்குநர்கள். எல்லோருக்கும் ஷோ நடக்க வேண்டும். டிக்கெட் விற்றாச்சு, உணவுக் கடை போட்டாச்சு, பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டியாச்சு.

2011-ல் கண்காட்சித் திடலில் என்ன நடந்தது என்று பார்த்தால் இது புரியும். முதலில் பாட வேண்டிய சாரா பரெலிஸ் பாடி முடித்துவிட்டார். இரவு 8:39-க்கு வானிலை சேவை கடும் இடிமழை எச்சரிக்கை விடுத்தது. சில நிமிடங்களில் மேடையில் ஒருவர் ஏறி, மழை வரலாம், நிலைமை மோசமானால் எங்கே ஒதுங்குவது என்று கூட்டத்திடம் சொன்னார். உடனே வெளியேறுங்கள் என்று சொல்லவில்லை. அவர் இறங்கிய சற்று நேரத்தில் காற்று வந்துவிட்டது. விசாரணை அறிக்கைகள் இரண்டு விஷயங்களைச் சொல்லின. அந்தக் கூரை அமைப்பு தரத்துக்கு ஏற்றபடி இல்லை. தாங்கிப் பிடிக்க வைத்த கான்கிரீட் தடுப்புகள் போதவில்லை. இன்னொன்று, கச்சேரியை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதில் தெளிவே இல்லை.

வானிலை எச்சரிக்கை சரியான நேரத்துக்கு வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு “போதும், எல்லோரும் உள்ளே” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. அந்த ஒரு ஆளைப் பெயர் சொல்லி முன்கூட்டியே நியமிக்க வேண்டும் என்பதை, கூட்டம் கூட்டும் யாரும் அதன் பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. 30 நிமிட விதியின் மதிப்பும் இங்கேதான். யார் மனம் நோகும், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்ற பேச்சுக்கே அது இடம் தருவதில்லை. இடி கேட்டதா, கடிகாரத்தை அழுத்து.

ரத்தானால் என்ன மிச்சம்?

சில இரவுகளில் மழை விட்டு, மைதானத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டு, ஷோ தாமதமாகத் தொடரும். சில சமயம் மதிப்பெண் கிடையாது, காட்சிக்கு மட்டும் என்று ஆடுவார்கள். அதுவும் முடியாது என்றால் ‘ஸ்டாண்ட்ஸ்டில்’. அணிவகுப்பு இல்லை, கொடி இல்லை. பக்கத்தில் உள்ள ஜிம்மிலோ கூரைக்கு அடியிலோ அரைவட்டமாக நின்று இசையை மட்டும் வாசிப்பார்கள்.

மைதானத்தில் கேட்க 100 மீட்டர் தூரத்துக்கு என்று எழுதப்பட்ட சத்தம் அது. அதை ஒரு கூடைப்பந்து அரங்குக்குள் வைத்தால் எப்படி இருக்கும்? கோயில் மண்டபத்துக்குள் நாலு தவில் ஒரே நேரத்தில் ஏறினால் நெஞ்சுக்கூடு அதிருமே, அதை பத்து மடங்காக்கிக் கொள்ளுங்கள். நுட்பமான காட்சி எதுவும் இல்லாததால் மார்க் போட எதுவும் இல்லை. டிக்கெட் காசு பெரும்பாலும் திரும்பி வராது, மழையோ வெயிலோ என்று டிக்கெட்டிலேயே நிபந்தனை இருக்கும். அந்த விஷயத்தில் ரசிகர்களின் கோபம் நியாயமானது என்றே தோன்றுகிறது.

இந்தியாவில் இருந்து நேரலையில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் மாலை 7 மணி என்றால் நமக்கு அதிகாலை 4:30. அலாரம் வைத்து எழுந்து, திரையில் காலி மைதானமும் பிளாஸ்டிக் ஷீட் போர்த்திய மரிம்பாவும் தெரிந்தால் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். குறைந்தது அரை மணி நேரம் ஒன்றும் நடக்காது.

அங்கே, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பஸ் கிளம்பியாக வேண்டும். அடுத்த ஊரில் காலையில் ரிகர்சல். கருவிகளைத் துடைத்து டிரெய்லரில் ஏற்றிவிட்டு, நனைந்த ஷூவோடு பஸ் ஏறித் தூங்குவார்கள். மறுநாள் வேறொரு பள்ளி ஜிம்மில் 165 ஜோடி சாக்ஸ் காயும்.