மஞ்சள் விளக்கு சொன்னது என்ன?

காரில் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் பல விளக்குகள் ஒன்றாக எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று எஞ்சின் வடிவில், மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதுதான் ‘செக் எஞ்சின்’ விளக்கு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால் ஏதோ கோளாறு என்று பொருள். என்ன கோளாறு? அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் செய்யும் வேலை, நீங்கள் அறிவியல் கூடத்தில் செய்யும் வேலையைப் போன்றதுதான். சரியாகச் செய்தால்!

சென்ற பள்ளி விடுமுறையில் என் வண்டியில் அந்த விளக்கு எரிந்தது. 2007ஆம் ஆண்டு தயாரான எஸ்யூவி; நான்கு சிலிண்டர், 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன்மலைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். ஏற்றம் தொடங்கிச் சில கிலோமீட்டரிலேயே வண்டி தளர்ந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சின் குலுங்கியதே தவிர வேகம் ஏறவில்லை. காய்கறி ஏற்றப் போகும் காலி லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி எங்களை முந்திச் சென்றது. காலி லாரிதான் என்றாலும் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியைத் திருப்பி, மெல்ல இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மலை ஏறினால் எந்த வண்டிக்கும் சக்தி குறையத்தானே செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 14 விழுக்காடு குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்குச் சக்தியை இழக்கும். ஆனால், அந்த இழப்பு உயரம் கூடக் கூடச் சிறிது சிறிதாக வரும். என் வண்டியோ அடிவாரத்திலேயே தளர்ந்துவிட்டது. அதோடு, உயரத்தைக் கணினி தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதற்காக விளக்கை எரிய விடாது. ஆகவே, மலையின் மேல் பழி போட வழியில்லை.

இந்த விளக்கு முதலில் ஓட்டுநரின் வசதிக்காக வந்ததன்று. 1950களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரைப் புகைமூட்டம் வாட்டியது. கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால்தான் அது உண்டாகிறது என்று ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். அதன் பிறகு கலிபோர்னியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புகை வரம்பு மீறக்கூடிய கோளாறு ஏற்பட்டால் கார் தானே சொல்ல வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. 1996ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் விற்கப்படும் எல்லாக் கார்களிலும் ‘ஓபிடி-2’ என்னும் ஒரே வகைக் கண்காணிப்பு முறை கட்டாயமானது. இதனால்தான், வண்டி நன்றாக ஓடும்போதும் சில வேளை இந்த விளக்கு எரியும். அமெரிக்காவில் பெட்ரோல் டாங்கி மூடியைச் சரியாக இறுக்காமல் விட்டவர்கள் வீட்டில்கூட இது எரிந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியைப் பொறுமையாகப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம். அது கண் சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றிக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அமைப்பு உருகும் அளவுக்குச் சூடாகிவிடும். உருகிய தேன்கூடு புகையை அடைக்கும். அடைபட்ட எஞ்சினுக்கு மூச்சு விட முடியாது. ஆகவே, விளக்கு சிமிட்டுவதைப் பார்த்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கச் சொல்லுங்கள். பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி என் வண்டிக்கு வருவோம். ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால் வைக்கும் இடத்துக்கு மேலே, 16 முனைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் கணினி பதிந்து வைத்த குறியீடு தெரியும். முதலில் போன பட்டறையில் வந்த குறியீடு ‘பி0171’. அதன் பொருள், ‘கலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு’. இதை எப்படிக் கண்டது கணினி? புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் வழியாக. “அப்படியென்றால் ஆக்சிஜன் சென்சார்தான் போய்விட்டது” என்று சொல்லி அதை மாற்றினார்கள். குறியீட்டை அழித்தார்கள். 500 ரிங்கிட் கொடுத்தேன். ஈப்போ நகருக்குள் ஓடிய மூன்று நாளும் விளக்கு எரியவில்லை. நான்காம் நாள் ஒரு மேட்டுச் சாலையில் ஏறினேன். விளக்கும் வந்தது, குலுக்கலும் வந்தது.

எங்கே தவறு? தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு உற்றறிதலும் ஊகித்தலும் வேறு வேறு என்பது நினைவிருக்கும். குறியீடு ஓர் உற்றறிதல். ‘புகையில் ஆக்சிஜன் அதிகமாக இருக்கிறது’ என்பதுதான் கணினி கண்டது. எந்தப் பாகம் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. காய்ச்சல் என்று காட்டிய வெப்பமானியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதிய வெப்பமானி வாங்கியது போல ஆகிவிட்டது என் கதை.

அடுத்து, புந்தோங்கில் நண்பர் சொன்ன ஒரு சிறிய பட்டறைக்குப் போனேன். அந்த மெக்கானிக் அண்ணனிடமும் அதே போன்ற ஸ்கேனர்தான் இருந்தது. அவர் குறியீட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, வேறொரு பக்கத்தைத் திறந்தார். “தம்பி, குறியீட்டை விடுங்க. எண்ணைப் பாருங்க” என்றார்.

அது என்ன எண்? 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை ஒரு சென்சார் அளக்கும். அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி பீய்ச்சச் சொல்லும். எரிந்த பிறகு ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்து, ‘போதவில்லை’ அல்லது ‘அதிகம்’ என்று திருப்பிச் சொல்லும். கணினி உடனே பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்தும். குழம்பைச் சுவைத்துப் பார்த்து உப்புப் போடுவது போல, இது ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். எத்தனை விழுக்காடு திருத்துகிறது என்பதுதான் அண்ணன் பார்க்கச் சொன்ன எண். சில விழுக்காடு இப்படி அப்படி இருப்பது இயல்பு. 20, 25 என்று போனால், ‘இனி என்னால் சமாளிக்க முடியாது’ என்று விளக்கை எரிய விட்டுவிடும்.

நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது என் வண்டியில் திருத்தம் +4 விழுக்காடு. வண்டியை மேட்டில் ஏற்றியபோது +24. இந்த இரண்டு எண்களிலேயே பாதி வழக்கு முடிந்துவிட்டது. எப்படி என்று பாருங்கள்.

கலவையில் பெட்ரோல் குறைவாகத் தெரிய முக்கியமாக மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, ரப்பர் குழாய் ஏதேனும் வெடித்து, சென்சார் அளக்காத காற்று திருட்டுத்தனமாக நுழைவது. பழைய வண்டிகளில் இது மிகவும் சகஜம். ஆனால், எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் காற்று வழி ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே வெற்றிடம் வலுவாக இருக்கும். ஓட்டை வழியே காற்று விர்ரென்று உறிஞ்சப்படும். மேட்டில் ஏறும்போது காற்று வழி நன்றாகத் திறந்துவிடுவதால் வெற்றிடம் தளர்ந்துவிடும். நேர்வழியில் வரும் பெருங்காற்றோடு ஒப்பிட்டால் அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. ஆகவே, ஓட்டை இருந்தால் திருத்தம் நின்றபடி ஓடும்போது அதிகமாகவும் ஏற்றத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். என் வண்டியில் நேர்மாறு. இந்தக் காரணம் விலகியது.

மீதி இரண்டு: காற்றை அளக்கும் சென்சார் அழுக்கடைந்து குறைத்துச் சொல்வது, அல்லது கேட்ட அளவு பெட்ரோல் வந்து சேராதது. இரண்டுமே ஏற்றத்தில்தான் கூடுதலாகத் தலைகாட்டும். காற்று சென்சாரை அதற்குரிய ஸ்ப்ரேயால் கழுவி, காய வைத்து, மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். எண் மாறவில்லை. கழுவுவதற்குச் செலவு குறைவு என்பதால் அதை முதலில் செய்தாராம். நல்ல கணக்கு.

கடைசியாகப் பெட்ரோலின் அழுத்தம். உங்கள் வீட்டில் ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் நன்றாக வரும். குளியலறையிலும் சமையலறையிலும் ஒரே நேரத்தில் திறந்தால் நூலாக ஒழுகும். அழுத்தம் போதாத வீட்டில், தேவை குறைவாக இருக்கும்வரை குறை தெரியாது. எஞ்சினும் அப்படித்தான். அழுத்தமானியைப் பெட்ரோல் குழாயில் இணைத்து, நீண்ட ரப்பர் குழாய் வழியாக வெளியே கொண்டுவந்து, முன் கண்ணாடியில் நாடா போட்டு ஒட்டினார். நான் பக்கத்து இருக்கையில் அமர்ந்து முள்ளைப் பார்த்தபடி சென்றேன். நின்றபடி ஓடும்போது 3.5 பார், அதுதான் என் வண்டிக்கு இருக்க வேண்டிய அளவு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் முள் இறங்கிக்கொண்டே போய் 2 பாரில் நின்றது. வண்டி குலுங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதல் பட்டறை வண்டியை நிறுத்தி வைத்தே பார்த்தது. கோளாறோ மேட்டில் மட்டும்தான் வந்தது. நகருக்குள் மூன்று நாள் விளக்கு எரியாததற்கும் இதுவே காரணம்.

டாங்கிக்குள் இருந்த பம்பைக் கழற்றினோம். அதன் வாயிலுள்ள வடிகட்டி கறுத்துப் போயிருந்தது. பம்பின் மோட்டாரும் தேய்ந்திருந்தது. இதில் எனக்கும் பங்கு உண்டு. இந்தப் பம்பைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கிறது. நானோ எண்ணெய் விளக்கு எரியும்வரை ஓட்டிவிட்டு, பிறகு 20 ரிங்கிட்டுக்கு ஊற்றும் பழக்கம் உள்ளவன். பம்ப் பல ஆண்டுகளாக அரைகுறைப் பெட்ரோலில் வெந்துகொண்டிருந்திருக்கிறது. புதிய பம்பும் வடிகட்டியும் போட்டதும் ஏற்றத்திலும் 3.5 பார் அசையாமல் நின்றது. திருத்தம் +3.

அன்று பக்கத்தில் நின்ற இன்னொரு காரில் ‘பி0302’ என்ற குறியீடு. இரண்டாம் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். அண்ணன் எதையும் வாங்கவில்லை. இரண்டாம் சிலிண்டரின் தீப்பொறிக் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றினார், வேறெதையும் தொடவில்லை. ஓட்டியதும் குறியீடு ‘பி0303’ ஆனது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது! ஒன்றை மட்டும் மாற்று, மற்றவற்றை மாற்றாதே. தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நீங்கள் எழுதுவதை அவர் சாவி கொண்டு செய்தார்.

கிளம்பும்போது, முதல் பட்டறையில் கழற்றிக் கொடுத்த என் பழைய ஆக்சிஜன் சென்சாரை அவரிடம் காட்டினேன். அதை இடுக்கியில் பிடித்து, வோல்ட்மானியை இணைத்து, கேஸ் சுடரால் நுனியைச் சூடாக்கினார். (இதை வீட்டில் செய்யாதீர்கள்.) சுடருக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் நல்ல சென்சார் 0.8 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டியது. சுடரை எடுத்ததும் பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. மறுபடியும் சுடர், மறுபடியும் 0.8. அந்தச் சென்சார் மலைப்பாதையில் எங்களிடம் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.